வெள்ளை வேர்கள்

ஏற்காடு
24.9.1998

குசுமாவதி டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் மன்னிப்பு அட்டை வந்து சேர்ந்தது. மஞ்சள் அட்டை, நீல அச்சு. "கடந்த ஆண்டில் மனத்தாலோ சொல்லாலோ செயலாலோ தங்களுக்குத் தீங்கு செய்திருந்தால் பொறுத்தருள்க. இவண், ஆதிநாதன், குசுமாவதி குடும்பத்தார்."

பதினொரு வருடம் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். உங்கள் ஜைனக் கோயிலில் தசலட்சண நோன்பு முடிந்ததும் எண்பது அட்டை அடிப்பீர்கள். வருடா வருடம் விலாசம் எழுதிக்கொடுத்ததே நான்தான். வந்தவாசி சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, அரிசி மண்டிக்காரருக்கு ஒன்று, தையல்காரருக்கு ஒன்று. இந்த வருடம் எனக்கும் ஒன்று. அதுவும் எப்படி? தீங்கு "செய்திருந்தால்". அடேயப்பா! செய்தோமா இல்லையா என்று இன்னும் சந்தேகமா உங்களுக்கு?

சந்தேகம் வேண்டாம், சொல்கிறேன். பிளஸ் டூ பரீட்சையன்று நான் ஹாலை விட்டு எத்தனை நேரம் வெளியே போயிருந்தேன் என்று விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டபோது, "ரெண்டு நிமிஷம் இருக்கும் சார்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. "பத்து நிமிஷம்" என்றீர்கள். வேலூரில் அம்மாவுக்கு ஆபரேஷன், ஆபீஸ் போனுக்குத்தான் ஓடினேன் என்று பக்கத்து ஹாலில் நின்ற உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து எவளோ ஒருத்தி பிட் வைத்து மாட்டிக்கொண்டாள். விளைவு, மாற்றல் ஆகி நான் இந்த மலைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்காக இல்லை. என் ஆர்க்கிட் செடிக்காக. என் மாடி வீட்டு வெயில் ஆகாது என்று உங்கள் வராந்தாவில் வைத்திருந்தேன், கிளம்பின வேகத்தில் அங்கேயே விட்டுவிட்டேன். மெட்ராஸ் மலர்க் கண்காட்சியில் வாங்கி மூன்று வருடம் காத்திருந்து, சரியாக விசாரணைக்கு முந்தின வாரம்தான் முதல்முதலாகப் பூத்தது. இரண்டு நாள்தான் நிம்மதியாகப் பார்த்தேன். அது இருக்கிறதா, போய்விட்டதா? ஒரு வரி போதும்.

மணிமொழி

திருவண்ணாமலை
3.10.1998

அன்புள்ள மணி,

செடி இருக்கிறது. நீ கேட்ட ஒரு வரி இது. மற்றது நீ கேட்காதது, ஆனாலும் எழுதுகிறேன்.

அட்டை விஷயத்தில் நீ கோபப்பட்டது நியாயம். எனக்குக் கையால் எழுத வரவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் அட்டையாவது போகட்டும் என்று போட்டேன்.

விசாரணையைப் பற்றி. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிடம் ஆனது, பத்து என்றேன். பொய் சொல்வதில்லை என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே விரதம் எடுத்தவள் நான், அது உனக்குத் தெரியும். அம்மாவின் ஆபரேஷனையும் சொன்னேன். எழுதிக்கொண்டவர் நிமிடத்தை எழுதினார், ஆபரேஷனை எழுதவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

செடியைத் தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டுக் கவனிக்கிறேன். உன் தொட்டியில் மண்ணே இல்லை, வெறும் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும்தான் இருந்தன. அவசரத்தில் மண் போட மறந்துவிட்டாய் போலிருக்கிறது. மண்ணே இல்லாமல் ஒரு உயிர் எப்படிப் பிழைக்கும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஏரிக்கரை செம்மண்ணும் மக்கின சாணமும் கலந்து தொட்டி நிறைய அழுத்திப் போட்டிருக்கிறேன். இலை கொஞ்சம் மஞ்சளாகிறது. உரம் போதவில்லையோ?

அம்மா எப்படி இருக்கிறார்கள்? கீழ்பென்னாத்தூரில் உன் தம்பி வீட்டில்தானா?

குசுமாவதி

ஏற்காடு
12.10.1998

குசுமாவதி டீச்சர்,

மண்ணா? சாணமா? அழுத்தி வேறா!

கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்திவிட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் ஒன்றும் மறக்கவில்லை. அந்தச் செடிக்கு மண் கூடாது. கூடவே கூடாது.

இங்கே ராமதாஸ் என்று ஒருவர் இருக்கிறார், காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயரானவர், வீட்டில் நாற்பது ஆர்க்கிட் வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சர், அது மரத்து மேல தொத்திக்கிட்டுக் காத்துல பொழைக்கிற ஜாதி. மண்ணுல பொதைச்சா மூச்சு முட்டிப் போயிடும். தண்ணி ஜாஸ்தியானா வேர் அழுகிடும். மொதல்ல வெளிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

உடனே எடுங்கள். மண் முழுக்கக் கழுவுங்கள். அழுகின வேரை வெட்டி எறியுங்கள். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட தொட்டியில் கரி, உடைத்த ஓடு, தேங்காய் மட்டை, அவ்வளவுதான். தண்ணீர் வாரத்துக்கு இரண்டு தரம், காலையில் மட்டும். இதில் உங்கள் சொந்த யோசனை எதுவும் வேண்டாம்.

அம்மா நன்றாக இருக்கிறார்கள். கேட்டதற்கு நன்றி.

மணிமொழி

திருவண்ணாமலை
16.10.1998

அன்புள்ள மணி,

நீ சொன்னதெல்லாம் புரிந்தது. ஆனால் ஐப்பசிப் பௌர்ணமி வரைக்கும் என்னால் தொட முடியாது.

மழைக்காலம் நான்கு மாதமும் மண்ணைத் தோண்டுவதில்லை, பச்சையை வெட்டுவதில்லை என்று சாதுர்மாச விரதம் எடுத்திருக்கிறேன். மண்ணைப் போட்டது அதற்கு முன்னால், ஆனி மாதம். சும்மா மேல் மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன், அதற்குள் மண்புழு வந்துவிட்டது. மூன்று. கவிழ்த்துக் கழுவினால் அவை என்ன ஆகும்? இவரிடம் சொன்னால், "ஒனக்கு செடியும் வேணும், புழுவும் வேணும், மணியும் வேணும். ஏதாவது ஒண்ண கம்மி பண்ணிக்க" என்கிறார். பேங்க்கில் வேலை பார்க்கிறவருக்கு எல்லாமே கழித்தல்தான்.

தண்ணீரைக் குறைத்துவிட்டேன். பௌர்ணமி முடிந்த மறுநாள் கட்டாயம் செய்கிறேன்.

குசுமாவதி

ஏற்காடு
22.10.1998

டீச்சர்,

மண்புழுவுக்கு இருக்கிற மரியாதையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் பேகோபுரத் தெருவில் என் மாடி வீட்டில் இருந்திருப்பேன்.

பௌர்ணமிக்கு அப்புறம் நீங்கள் செய்யவே கூடாது. அப்போது பனி ஆரம்பித்துவிடும், செடி தூங்கும், அந்தச் சமயத்தில் வேரைக் கலைத்தால் எழுந்திருக்காது என்கிறார் ராமதாஸ். மாசி கடைசியில் புதுத் துளிர் தலை காட்டும்போதுதான் தொடலாமாம். அதுவரை அது சேற்றில் நிற்கட்டும். உங்கள் புழுக்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மணிமொழி

திருவண்ணாமலை
8.3.1999

அன்புள்ள மணி,

முடித்துவிட்டேன்! நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடித்தேன். விரதமும் இல்லை, பனியும் இல்லை. புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வாழை மரத்தடியில் விட்டேன்.

வேரை வெட்டுவதுதான் எனக்குப் பெரிய பயம். உயிருள்ளதை வெட்டிவிடக் கூடாதே. அதனால் நானாக முடிவு செய்யாமல் தாவரவியல் கஸ்தூரி டீச்சரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். தொட்டிக்கு வெளியே எட்டுத் திசையிலும் வேர் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று, காகிதம் மாதிரி காய்ந்து போய், ஒரு பொட்டுப் பச்சை இல்லை. "இது செத்து எவ்ளோ நாளாச்சோ" என்றார். தொட்டிக்கு உள்ளே இருந்தவை பழுப்பாக, ஈரமாக, மெத்தென்று இருந்தன. "உள்ள இருக்கறதுதான் தண்ணி குடிக்கற வேர், அதுல கை வைக்காதீங்க" என்றார்.

கத்தியை நெருப்பில் காட்டி, வெள்ளை வேர்களை மட்டும் அடியோடு நறுக்கினேன். முப்பத்தொன்று. பழுப்பு வேர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அலசி, நீ சொன்ன கரியிலும் ஓட்டிலும் பூப்போல உட்கார வைத்தேன். செடிக்கு ஒரு சின்ன வலிகூட வந்திருக்காது. இத்தனை மாதம் உன்னைத் தவிக்க விட்டதற்கு இது ஈடாகட்டும்.

குசுமாவதி

ஏற்காடு
13.3.1999

டீச்சர்,

உங்களை என்ன சொல்வது? கஸ்தூரி டீச்சரைத்தான் என்ன சொல்வது? எத்தனை வருடமாக அந்த அம்மாள் தாவரவியல் நடத்துகிறார்!

அந்த வெள்ளை வேர்தான் உயிர். முப்பத்தொன்றும் உயிர். அதன் மேல் தோல் பஞ்சு மாதிரி இருக்கும், காய்ந்திருக்கும்போது வெளுத்துத்தான் தெரியும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தால் கண் முன்னாலேயே பச்சையாக மாறியிருக்கும். உங்கள் மண்ணில் மூச்சு முட்டி, பிழைக்க வழி தேடி வெளியே ஓடி வந்த வேர் அது. அதைத்தான் நறுக்கியிருக்கிறீர்கள். உள்ளே மெத்தென்று இருந்ததே, அதெல்லாம் அழுகின பிணம். அதைப் பத்திரமாகப் புதுத் தொட்டியில் வைத்துவிட்டீர்கள்.

வேறு யாராவது செய்திருந்தால் கைத்தவறு என்று விட்டுவிடுவேன். வேறு யாரும் கஸ்தூரி டீச்சரைக் கூப்பிட்டிருக்கவும் மாட்டார்கள், முப்பத்தொன்று என்று எண்ணியிருக்கவும் மாட்டார்கள். ஒரு உயிரும் நோகக் கூடாது என்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியத்தில்தான் யாராவது சாகிறார்கள். முதலில் நான், இப்போது அது.

இனி எழுத என்ன இருக்கிறது?

மணிமொழி

திருவண்ணாமலை
28.3.1999

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. "வேணும்னு செய்யலையே, வுடு" என்று இவர் சொன்னார். வேண்டுமென்று செய்திருந்தால்கூட மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது. நான் கத்தியை நெருப்பில் காட்டிக் கழுவித் துடைத்து, அவ்வளவு அக்கறையாகக் கொன்றிருக்கிறேன்.

அழுகினதை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் செடியில் வேர் என்று மிஞ்சியது விரல் நீளத்தில் இரண்டு. ஐந்து தண்டில் மூன்று சுருங்கிவிட்டன. இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வேறு. மருந்து அடிக்க எனக்குக் கை வரவில்லை. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்து, எதிர் வீட்டு ராஜம்மாளின் செம்பருத்தியில் விட்டுவந்தேன். மூன்றாம் நாள் அவள் வாசலில் நின்று, "ஏம்மா, பூச்சிய கொல்லக் கூடாது, என் செடிய கொல்லலாமா?" என்று தெருவே கேட்கும்படி சண்டை போட்டாள். இப்போது அவள் செம்பருத்தியையும் தினம் நான்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைப் பற்றி நீ எழுதின வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அன்று சொன்னது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன், மணி. ஆனால் நீ போன பிறகு ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலியில் யாரும் உட்கார நான் விடுவதில்லை. நோட்டுக் கட்டை வைத்து மறித்து வைத்திருக்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எழுதாமல் இருந்துவிடாதே.

குசுமாவதி

ஏற்காடு
4.5.1999

டீச்சர்,

எழுத வேண்டாம் என்றுதான் ஒரு மாதம் இருந்தேன். இப்போது ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

மாறுதல் விண்ணப்பம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நம் பள்ளியில் என் பாடத்துக்கு ஒரு இடம் காலி. இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். விண்ணப்பப் பாரம் மேஜை மேல் இருக்கிறது, ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றும் குறையில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், வெயில் இல்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பேச ஒரு ஆள் கிடையாது. அம்மாவைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போகிறேன். அங்கே வந்தால் அதே ஸ்டாஃப் ரூம், "பிட் விட்ட டீச்சர்" என்று பின்னால் பேசுகிற அதே வாய்கள், பக்கத்தில் நீங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத் தினம் உட்கார முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

கடைசியில் சின்னப்பிள்ளை மாதிரி ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தச் செடி இத்தனைக்கும் தப்பி மொட்டு வைத்திருந்தால் பாரத்தைக் கொடுத்துவிடுவது, இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு இந்த ஊரிலேயே கிடப்பது. சிரியுங்கள். வேறு எப்படி முடிவெடுப்பது என்று தெரியவில்லை.

மற்றவர்களிடம் கேட்டால் என்னைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்வார்கள். உங்களுக்குத்தான் பொய் வராதே. அதனால் உங்களிடமே கேட்கிறேன். மொட்டு இருக்கிறதா, இல்லையா?

மணிமொழி

திருவண்ணாமலை
8.5.1999

அன்புள்ள மணி,

இருக்கிறது. மூன்றாவது தண்டின் உச்சியில். ஏழு மொட்டு. விண்ணப்பத்தை உடனே கொடு.

குசுமாவதி

ஏற்காடு
28.5.1999

அக்கா,

இப்படிக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, பேனா தயங்குகிறது. ஆர்டர் வந்துவிட்டது! ஜூன் 14 திங்கட்கிழமை காலை அங்கே சேர வேண்டும். வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏழும் விரிந்துவிட்டதா? கத்திரி வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டுங்கள். பூவின் மேல் தண்ணீர் படக் கூடாது. நான் வரும்வரை இரண்டு பூவாவது தாக்குப்பிடித்தால் போதும். ராமதாஸ் நம்பவே இல்லை. "வேரே இல்லாத செடி எப்டி டீச்சர் மொட்டு வுடும்? யாரோ ஒங்கள ஏமாத்தறாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதினது குசுமா அக்கா. அவங்க சொன்ன உண்மையாலதான் நான் இங்க வந்து கெடக்கறேன். அவங்களுக்குப் பொய் வராது" என்று சொன்னேன்.

ஒரு வரி எழுதுங்கள். எத்தனை விரிந்தது?

மணி

திருவண்ணாமலை
3.6.1999

மணி,

மொட்டு இல்லை. நான் எழுதிய அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மூன்றாவது தண்டு என்று எழுதினேனே, அது சித்திரையிலேயே காய்ந்துவிட்டது.

உன் கேள்வி வந்த அன்று செடி முன்னால் வெகு நேரம் நின்றேன். "இல்லை" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் நீ பாரத்தைக் கிழிப்பாய். அப்புறம் கடிதமும் நின்றுவிடும். நான் பென்ஷன் வாங்கும்வரை அந்த நாற்காலியில் நோட்டுக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை "இருக்கிறது" என்று எழுதிவிட்டது. ஒன்று என்று எழுதினால் நீ நம்ப மாட்டாயோ என்று ஏழு என்று எழுதினேன். போஸ்ட் பாக்ஸ் வரைக்கும் ஓடினேன், மனசு மாறுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் சரியில்லை. கோயிலுக்குப் போனால் கண்ணை மூட முடியவில்லை. இருபத்தாறு வருட விரதம், மணி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் மிரட்டவில்லை. நானே உடைத்தேன். அதைவிடக் கொடுமை, அவங்களுக்குப் பொய் வராது என்று நீ ஒரு வேற்று மனிதரிடம் எனக்காகச் சண்டை போட்டதைப் படித்தது. அந்த வரியை இவருக்குப் படித்துக் காட்ட முடியாமல் அழுதுவிட்டேன்.

நீ இன்னும் சேரவில்லை. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அங்கேயே இருக்கலாம் என்று தலைமையாசிரியையிடம் விசாரித்துவிட்டேன், பத்தாம் தேதி வரை நேரம் இருக்கிறதாம். நான் சொன்ன பொய்யை நம்பி நீ வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது அட்டையில் அச்சடிக்கிற மன்னிப்பு இல்லை. செய்திருந்தால் என்று எழுத மாட்டேன். செய்தேன். பொய் சொன்னேன், நீ வர வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. ஐந்தாவது தண்டின் மேல் கணுவில் நாலு நாளாக ஏதோ சின்னதாகப் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. மொட்டு இல்லை, இலை மாதிரி இருக்கிறது. என்ன என்று தெரியவில்லை. நான் தொடவில்லை.

குசுமாவதி

ஏற்காடு
8.6.1999

அக்கா,

கடிதம் இன்று பகல் இடைவேளையில் வந்தது. படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது, எண்ணுவதற்கு நீங்கள் இங்கே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு இந்த இன்லேண்டு லெட்டர் போதாது. என் வேலைக்காக, என் மானத்துக்காக, எட்டு நிமிடம் குறைத்துச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு பட்டுப்போன தண்டில் ஏழு மொட்டு வைக்க மட்டும் கை வந்துவிட்டதா? சாமான் மூட்டை கட்டியாயிற்று, கட்டில் மேஜையைக் கொடுத்தாயிற்று. ராமதாஸிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேனே டீச்சர்" என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த ஆளிடம் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போச்சு. எல்லாம் உங்களால்.

வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கப் பேப்பரும் எடுத்தேன். தேதியும் போட்டேன்.

அப்புறம் அந்த விசாரணை அறை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த அதிகாரி உங்களைக் கேட்டபோது நான் அவரைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவங்களுக்கு நான் யாருமே இல்லையா, ஒரு வார்த்தை எனக்காக மாற்றிச் சொல்ல மாட்டாங்களா என்று. இந்த மலையில் ஒரு வருடமாக என்னைத் தின்றது மாற்றல் ஆனது இல்லை அக்கா, அந்த ஒரு கேள்விதான். பதில் இப்போது வருகிறது. அதுவும் இப்படியா வர வேண்டும், ஒன்றுக்கும் உதவாத ஒரு விஷயத்தில்?

நீங்கள் செய்தது தப்பு. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இரண்டும் நிஜம், உங்கள் கணக்கில் இது எப்படி வருமோ எனக்குத் தெரியாது. பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கணுவில் வந்திருப்பது குட்டிச் செடி. வேர் போன செடி சில சமயம் பூக்காது, இப்படிக் குட்டி போடும் என்கிறார் ராமதாஸ். அதற்கு வெள்ளையாக வேர் வரும். கத்தியும் கஸ்தூரி டீச்சரும் அது பக்கமே போகக் கூடாது. பூக்க இன்னும் மூன்று வருடம் ஆகும், ஆனால் ஆகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் சேலத்தில் ஏறுகிறேன். ஊத்தங்கரை, செங்கம் வழியாக வந்து சேர சாயங்காலம் நாலு, நாலரை ஆகும். அன்றைக்கு எனக்கு உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வந்ததும் சண்டை போடுவேன், முதலில் அதற்குத் தயாராக இருங்கள். இந்த ரூட் பஸ்ஸை நம்ப முடியாது. பொழுது சாய்ந்தால் உங்கள் விரதப்படி வீட்டில் அடுப்பு அணைந்துவிடும், எனக்குத் தெரியும். லேட்டாகி நான் வந்து நின்றால், எனக்காக ஒரு நாள் இருட்டினபிறகு சோறு போடலாமா என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

போடாதீர்கள். எனக்கு ஒரு பொய் போதும்.

மணி